உறைந்த ஏரியில் வால்ஐ மீன்: எந்த நரம்பு, என்ன சாமான்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் குவின்ட்டி விரிகுடா, நிப்பிசிங் ஏரி, வின்னிப்பெக் ஏரி, அமெரிக்காவில் மினசோட்டாவின் மில் லாக்ஸ் போன்ற இடங்களில் முதல் தடவையாகப் பனிக்கட்டியில் துளை போட்டு வால்ஐ (walleye) என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். கடலில் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கும் இதில் சில விஷயங்கள் தலைகீழாகத் தெரியும். இங்கே நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, மெல்லிசாக இருக்க வேண்டும், கோல் முழங்கை நீளம்தான், மீனை இழுப்பதைவிட அது கடித்ததைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. சாமான் என்று நாங்கள் சொல்வது நரம்பின் நுனியில் கட்டும் செயற்கை இரையை.

வால்ஐயும் பிக்கரலும் ஒன்றா?

கனடாவில் ஒன்றுதான். ஒன்டாரியோவிலும் மானிடோபாவிலும் கடைக்காரரிடம் பிக்கரல் என்று கேளுங்கள், உடனே புரியும். அமெரிக்காவில் பிக்கரல் என்றால் பைக் (pike) மீன் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மீன். அமெரிக்கக் கடைகளிலிருந்து இணையம் வழியாக வாங்கும்போது வால்ஐ என்று தேடுங்கள்.

இந்த மீனின் கண்ணுக்குள் பூனைக்கு இருப்பதுபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் இரை மீன்களைவிட இதற்கு நன்றாகக் கண் தெரியும். அதனால்தான் விடியலை ஒட்டிய ஒரு மணி நேரமும் சூரியன் இறங்கும் ஒரு மணி நேரமும் முக்கியம். அந்த நேரத்துக்குள் முடிச்சுப் போட்டு, ஆழம் அளந்து, எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு நரம்புதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

6 பவுண்டு எடை தாங்கும் ஃபுளூரோகார்பன், அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக் நரம்பு. உறையில் பனிக்கால மீன்பிடிக்கு என்று எழுதியிருப்பதாக எடுங்கள், அது குளிரிலும் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். ஒரு ரீலுக்கு 50 மீட்டர் தாராளம். பெரும்பாலும் 4 முதல் 9 மீட்டர் ஆழத்தில்தான் வேலை, யாரும் எறியப் போவதில்லை.

நைலான், ஃபுளூரோகார்பன், பின்னல் நூல்: உண்மையில் என்ன வித்தியாசம்?

நம் மீனவர்கள் தங்கூசி என்று சொல்லும் ஒற்றை இழை நைலான் நரம்பு விலை குறைவு, முடிச்சு நன்றாகப் பிடிக்கும், இழுத்தால் நீளும். நீள்வது இரண்டு பக்கமும் வெட்டும் குணம். மீன் திடீரென்று தலையை ஆட்டும்போது அந்த நீட்சி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் 8, 9 மீட்டர் ஆழத்தில் மீன் மெதுவாக வாயில் எடுத்தால் அந்தச் சின்ன அசைவு மேலே வந்து சேராது, நீங்கள் சுண்டுவதும் கீழே போய்ச் சேராது. நைலான் தண்ணீரையும் கொஞ்சம் உறிஞ்சும். சின்ன ரீலில் சுற்றிக் குளிரில் கிடந்தால் சுருள் சுருளாகவே வெளியே வரும்.

ஃபுளூரோகார்பன் கனமானது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இதற்குச் சுமார் 1.78, நைலானுக்குச் சுமார் 1.14. ஆகவே மெல்லிய சாமானையும் நேராகக் கீழே கொண்டுபோகும். ஒளி விலகல் எண் சுமார் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். தண்ணீரை உறிஞ்சாது, துளையின் விளிம்பில் உரசினாலும் நைலானைவிடத் தாங்கும். குறை என்னவென்றால் விறைப்பு. 8 பவுண்டுக்கு மேல் போனால் சின்ன ரீலில் ஸ்பிரிங் மாதிரி எகிறும். காய்ந்த நிலையில் முடிச்சை இறுக்கினால் சூடேறிப் பலமிழக்கும்.

பின்னல் நூல் பாலிஎதிலீன் இழைகளால் பின்னியது. அது நீளவே நீளாது, அதனால் ஆழத்தில் மீன் மூச்சுவிட்டால்கூடக் கையில் தெரியும் என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. ஆனால் இழைகளுக்கிடையே தண்ணீர் தங்கும். திறந்த வெளியில், மைனஸ் 10 டிகிரியில், இரண்டு தடவை இறக்கி ஏற்றினால் நூல் கம்பியாக உறைந்துவிடும். அதைக் கையால் உருவி உருவித் துடைப்பதிலேயே மாலை போய்விடும். சூடு போட்ட கூடாரத்துக்குள் இருப்பவர்களுக்குப் பின்னல் நூல் அருமை. வெளியே வாளியின் மேல் உட்கார்ந்து பிடிப்பவர்களுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எத்தனை பவுண்டு? 4 போதுமா, 10 வேண்டுமா?

தெளிந்த தண்ணீர், மந்தமான கடி, சிறிய மீன் என்றால் 4 பவுண்டு, சுமார் 0.20 மி.மீ. தடிப்பு. வழக்கமான வேலைக்கு 6 பவுண்டு, சுமார் 0.23 மி.மீ. பெரிய மீன் உள்ள இடம், கலங்கல் தண்ணீர், கனமான சாமான் என்றால் 8 பவுண்டு, சுமார் 0.25 மி.மீ. வின்னிப்பெக் ஏரியின் தண்ணீர் கலங்கல், அங்கே பச்சை முதுகுள்ள பெரிய வால்ஐக்குச் சலங்கை வைத்த கனமான சாமான்களைப் போடுவார்கள். அங்கே 8 முதல் 10 பவுண்டு தவறில்லை.

நரம்பு தடித்தால் மீன் பார்த்துவிடும் என்பதைவிட முக்கியமான பாதிப்பு ஒன்று உண்டு. சாமானின் ஆட்டம் செத்துவிடும். 3 கிராம் எடையுள்ள ஸ்பூன் (மீன்போல மினுங்கும் உலோகத் தகடு) 10 பவுண்டு நரம்பில் அசைந்து மினுங்காமல் மெத்தென்று இறங்கும். மீன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறதென்றால் நிறத்தை மாற்றுமுன் நரம்பின் தடிப்பைச் சந்தேகப்படுங்கள்.

கோடையில் பயன்படுத்திய ரீலை அப்படியே எடுத்துப் போகலாமா?

ரீல் சரி, நரம்பு சரியில்லை. வெயில் பட்ட பழைய நைலானை முழுதாக உருவிப் போடுங்கள். ரீலில் 100 அல்லது 150 மீட்டர் நிரப்ப வேண்டுமே என்று நல்ல நரம்பை வீணாக்க வேண்டாம். அடியில் மலிவான நைலானைச் சுற்றி, அதன்மேல் 50 மீட்டர் நல்ல நரம்பை முடிச்சிட்டுச் சேர்த்தால் போதும். உருளையின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். அதற்கு மேல் நிரப்பினால் கொத்துக் கொத்தாகச் சரிந்து சிக்கும், மிகக் குறைத்தால் சுருள் இன்னும் சிறிதாகி முறுக்கு கூடும். பின்னல் நூலை நேரடியாக வழவழப்பான உருளையில் கட்டினால் மொத்தமும் வழுக்கிச் சுற்றும், அதற்கும் அடியில் சில மீட்டர் நைலான் வேண்டும்.

இன்னொன்று, ரீலுக்குள் இருக்கும் கிரீஸ். தடித்த கிரீஸ் குளிரில் மெழுகாகிவிடும், கைப்பிடி சுழலாது, மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை விடவேண்டிய டிராக் விட்டுக்கொடுக்காது. பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு மெல்லிய குளிர்கால எண்ணெய் சில துளிகள் விடுங்கள். அளவில் 1000 எண் கொண்ட சின்ன ஸ்பின்னிங் ரீல் சரியாக வரும்.

கோல் 26 முதல் 32 அங்குலம். நுனி வேகமாக வளைய வேண்டும், அடிப்பகுதி உறுதியாக நிற்க வேண்டும். கூடாரத்துக்குள் என்றால் 26, வெளியில் என்றால் நீளமானது.

லீடர் கட்டுவது அவசியமா? ஸ்விவல் எங்கே வரும்?

லீடர் என்பது சாமானுக்கு முன்னால் கட்டும் தனி நரம்புத் துண்டு, ஸ்விவல் என்பது தானாகச் சுழலும் இணைப்பு. ரீல் முழுக்க ஃபுளூரோகார்பன் போட்டிருந்தால் லீடர் தேவையில்லை, ஆனால் ஸ்விவல் வைப்பது நல்லது. துளை வழியாகச் செங்குத்தாகத் தொங்கும் ஸ்பூன் ஒவ்வொரு தடவையும் சுழன்றுதான் இறங்கும். அந்தச் சுழற்சி முழுவதும் நரம்பில் முறுக்காகச் சேரும். நரம்பைத் தளர்த்தியதும் அது தானாகச் சுருண்டு கோலின் நுனியில் சுற்றிக்கொள்கிறதா? அதுதான் முறுக்கு. 10 அல்லது 12ஆம் எண் சிறிய உருளை ஸ்விவல் இதைப் பெருமளவு தடுக்கும்.

அமைப்பு இப்படி: மேல் நரம்பு, பிறகு ஸ்விவல், பிறகு 45 முதல் 60 செ.மீ. ஃபுளூரோகார்பன், கடைசியில் சாமானை மாட்டவும் கழற்றவும் உதவும் வட்ட மூக்குள்ள குட்டிக் கொக்கி (ஸ்னாப்), அதில் ஸ்பூன். ஸ்விவலை ஸ்பூனுக்கு அருகில் வைத்தால் அதன் எடையும் உருவமும் ஸ்பூனின் ஆட்டத்தைக் கெடுக்கும்.

லீடர் ஏன் 60 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது? ஸ்விவல் கோலின் நுனி வளையத்துக்குள் நுழையாது. அது வளையத்தில் முட்டியதும் ரீல் சுற்றுவது நின்றுவிடும். பனிக்கட்டி 60 செ.மீ. தடிப்பு, லீடர் 1 மீட்டர் என்றால், சுற்ற முடியாத அந்த நேரத்தில் மீனின் தலை இன்னும் துளைக்கு அடியில் இருக்கும். அங்கே அது திரும்பினால் நரம்பு பனியின் கூரான விளிம்பில் அறுபடும். நீளமான லீடர்தான் வேண்டும் என்றால் ஸ்விவலை விட்டுவிட்டு இரட்டை யுனி முடிச்சால் இணையுங்கள், அது வளையங்களுக்குள் நுழைந்து போகும். அதில் முறுக்குத் தடுப்பு கிடையாது, முறுக்கேறினால் சாமானைக் கழற்றிவிட்டு நரம்பைத் துளைக்குள் தொங்கவிடுங்கள், தானாக அவிழும்.

என்ன முடிச்சு?

ஃபுளூரோகார்பனுக்கு 5 சுற்றுப் போட்ட கிளிஞ்ச் முடிச்சு, அல்லது யுனி. பின்னல் நூலுக்குப் பாலோமர். இரண்டையும் இணைக்கும் இரட்டை யுனியில் ஃபுளூரோகார்பன் பக்கம் 4 அல்லது 5 சுற்று, வழுக்கும் பின்னல் நூல் பக்கம் 7 அல்லது 8 சுற்று.

எதைப் போட்டாலும் எச்சிலால் நனைத்து, மெதுவாக, சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இறுக்குங்கள். பிறகு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். அறுவதென்றால் வீட்டிலேயே அறட்டும். குளிரில் விறைத்த விரலால் போட்ட முடிச்சு நம்பத்தகுந்ததல்ல, ஆகவே லீடரும் ஸ்விவலும் கொக்கியும் சேர்த்துக் கட்டிய நாலைந்து கோர்வைகளை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

பெட்டியில் என்னென்ன சாமான் வேண்டும்?

கடையில் சுவர் முழுக்கத் தொங்கும். நான்கு வகை போதும்.

முதலாவது உலோக ஸ்பூன். 3.5 கிராம், அதாவது எட்டில் ஒரு அவுன்ஸ், 6 மீட்டர் ஆழம் வரை. அதற்குக் கீழே அல்லது நீரோட்டம் இருந்தால் 7 கிராம். நார்த்லேண்டின் பக்‌ஷாட் போல உள்ளே சலங்கை வைத்த ஸ்பூன் கலங்கல் தண்ணீரில் மீனைக் கூட்டி வரும். ஸ்வீடிஷ் பிம்பிள் போன்ற ஒல்லியான ஸ்பூன் தெளிந்த தண்ணீருக்கு. ஸ்பூனில் தொங்கும் மும்முள்ளின் (மூன்று முனையுள்ள தூண்டில் முள்) ஒரு முனையில் சின்ன இரைமீனின் தலையை மட்டும் கிள்ளி, தாடைக்கு அடியிலிருந்து மேல்நோக்கிக் குத்துங்கள். முழு மீனைக் குத்தினால் ஸ்பூன் ஆடாது. தலையின் வாசம்தான் மீனைக் கடைசி நிமிடத்தில் வாய் திறக்க வைக்கிறது. அது வெளுத்துப் போனால் மாற்றுங்கள்.

இரண்டாவது ரபாலாவின் ஜிக்கிங் ராப் போன்ற, வாலில் துடுப்பு வைத்த மீன் உருவம். தூக்கி விட்டால் பக்கவாட்டில் ஓடித் திரும்பி நடுவுக்கு வரும். வால்ஐக்கு 5 அல்லது 7ஆம் எண். இது வேகமாகத் தாக்கும் மீனுக்கானது, மந்தமான நாளில் பயன் குறைவு.

மூன்றாவது, தட்டையான உடலுக்குள் சலங்கை வைத்த உதடில்லாத மீன் உருவம். வின்னிப்பெக் ஏரியில் இதற்குத் தனி மவுசு.

நான்காவது சாதாரண ஈயத்தலை ஜிக், அதாவது தலையில் ஈயக்குண்டு வைத்த தூண்டில் முள், 1.8 முதல் 3.5 கிராம். விலை குறைவானதும் தவிர்க்கவே முடியாததும் இதுதான். இதில் உயிருள்ள இரைமீனைக் குத்தி அசையாமல் விடுவார்கள்.

நிறத்தில் தங்க நிறம் கலங்கலுக்கு, வெள்ளி தெளிவுக்கு, இருட்டியபின் ஒளிரும் பூச்சு. ஒளிரும் பூச்சுக்குச் சின்னப் புற ஊதா விளக்கால் 10 விநாடி வெளிச்சம் காட்டினால் போதும். மங்க மங்க மறுபடி காட்ட வேண்டும்.

ஸ்பூனை எப்படி ஆட்டுவது?

அடி தொடும்வரை இறக்கி, 15 முதல் 45 செ.மீ. மேலே தூக்கி நிறுத்துங்கள். அங்கிருந்து 30 முதல் 60 செ.மீ. தூக்கி, கோல் நுனியை அதன் பின்னாலேயே இறக்கி விழ விடுங்கள். பிறகு 5 முதல் 10 விநாடி அசையாமல் வையுங்கள். பெரும்பாலான கடி அந்த அமைதியில்தான் வரும், புதியவர்கள் பொறுமையிழந்து ஆட்டிக்கொண்டே இருப்பதுதான் பெரிய பிழை. சோனார் (ஒலியால் மீனைக் காட்டும் கருவி) இருந்து, மீன் நெருங்குவது தெரிந்தால் பெரிய ஆட்டத்தை நிறுத்தி, நடுக்கம் மட்டும் கொடுத்துக்கொண்டே மெதுவாக மேலே தூக்குங்கள். பின்தொடர்ந்து ஏறும் மீன் கிட்டத்தட்டக் கடிக்கும் மீன்.

கடி என்பது வெடுக்கென்று இழுப்பதாக இராது. ‘டிக்’ என்று ஒரு தட்டு, அல்லது சாமான் திடீரென எடையிழந்ததுபோல, அல்லது கனத்ததுபோல. சந்தேகம் வந்தால் சுண்டிவிடுங்கள்.

இரண்டாவது கோலுக்கும் இதே நரம்பா?

இல்லை. அசையாமல் தாங்கியில் வைக்கும் இரண்டாவது கோலுக்கு 6 பவுண்டு நைலான் தங்கூசியே மேல். மீன் இரையை எடுத்து நகரும்போது நரம்பு நீண்டு கொடுக்கிறது, நுனி மெத்தென்று வளைகிறது, மீனுக்கு எதிர்ப்பு தெரிவதில்லை. ஜிக் முள்ளை இரைமீனின் முதுகுத் துடுப்புக்குப் பின்னால், முதுகெலும்புக்கு மேலே மேலோட்டமாகக் குத்துங்கள். ஆழமாகக் குத்தினால் அது செத்துவிடும். ஏரியின் அடியிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். கோல் நுனி நடுங்கினால் தொடாதீர்கள், அது இரைமீன் பயந்து துடிப்பது. நுனி துளையை நோக்கி வளைந்து அங்கேயே நின்றால் எடுத்துச் சுண்டுங்கள்.

மீன் கடித்ததும் கொடி ஏறும், கோல் இல்லாத டிப்-அப் கருவி வைத்தால்?

அதில் நரம்பைக் கையால் இழுக்க வேண்டும், மெல்லிய நரம்பு விரலை அறுக்கும். 20 முதல் 30 பவுண்டு பூச்சுள்ள டேக்ரான் நூல், ஸ்விவல், அதன்கீழ் 1 மீட்டர் 10 பவுண்டு ஃபுளூரோகார்பன், 6ஆம் எண் ஒற்றை முள், முள்ளுக்கு 40 செ.மீ. மேலே ஒரு பிளந்த ஈயக்குண்டு. இங்கே கோல் இல்லாததால் நீண்ட லீடர் இடைஞ்சல் செய்யாது.

துளை வரை வந்த மீன் அங்கே அறுத்துக்கொண்டு போகிறது. ஏன்?

இழந்த பெரிய மீன்களில் பல துளைக்கு அடியில்தான் போகின்றன, நரம்பின் பவுண்டுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

டிராக் இறுக்கமாக இருக்கலாம். 6 பவுண்டு நரம்பின் தாங்குதிறன் 2.7 கிலோ. அதன் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது 700 முதல் 900 கிராம் இழுப்புக்கு, டிராக் விட்டுக்கொடுக்க வேண்டும். கையடக்கத் தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். இதை வீட்டில் செய்தால் போதாது. பனியின்மேல் அரை மணி நேரம் கிடந்தபின் அதே டிராக் இறுகியிருக்கும்.

சோனாரின் உணரி துளைக்குள் தொங்கிக்கொண்டிருக்கலாம். மீன் சுற்றும்போது நரம்பு அந்த வயரில் பின்னிக்கொள்ளும். மீன் மாட்டியது உறுதியானதும் உணரியைத் தூக்கி வெளியே போடுங்கள்.

நரம்பு பனி விளிம்பில் உரசலாம். கோல் நுனியைத் தாழ்த்தி, தேவையானால் தண்ணீருக்குள்ளேயே நுழைத்து, நரம்பைத் துளையின் நடுவில் வைத்திருங்கள். துளையிட்டதும் அடி விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பனிச் சில்லுகளைத் துளைப்பானை மேலும் கீழுமாக ஓட்டித் தட்டிவிடுங்கள். 8 அங்குலத் துளை பெரும்பாலான வால்ஐக்குப் போதும், மிகப் பெரிய மீன் உள்ள நீர்நிலையில் 10 அங்குலம் நிம்மதி.

ஜிக்கிங் ராப் போட்டிருந்தால் வயிற்றிலுள்ள மும்முள் பனியின் அடியில் குத்தி நின்றுவிடும், மீன் உதறிக்கொண்டு போய்விடும். மீனின் மூக்கு துளைக்கு நேராக வரும்வரை இழுக்காதீர்கள். பக்கவாட்டில் வருகிறதென்றால் விட்டுக்கொடுத்து இன்னொரு சுற்று வரவிடுங்கள்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி 50 செ.மீ. நரம்பை நகங்களுக்கிடையே உருவுங்கள். சொரசொரப்புத் தட்டுப்பட்டால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாக முடியுங்கள். வால்ஐயின் கோரைப்பல் நரம்பை அறுக்காவிட்டாலும் கீறும்.

பைக் மீன் அறுத்துவிடுகிறது. கம்பி லீடர் போடலாமா?

பைக் அதிகமுள்ள இடத்தில் டிப்-அப்புக்கு மட்டும் 20 முதல் 30 பவுண்டு ஃபுளூரோகார்பன் போடலாம். கையில் ஆட்டும் ஸ்பூனுக்குக் கம்பி போட்டால் வால்ஐ கடிப்பது குறையும். எப்போதாவது ஒரு ஸ்பூனை இழப்பதே மேல்.

கோலின் வளையங்கள் உறைந்துவிடுகின்றன.

உதட்டுக்குப் பூசும் தைலத்தை வளையங்களில் மெல்லியதாகத் தடவுங்கள். உறைந்துவிட்டால் நுனியைத் துளைத் தண்ணீருக்குள் முக்கி எடுங்கள், காற்றைவிட அது வெதுவெதுப்பானது. விரலால் உடைத்தால் பனியோடு வளையமும் நெளிந்துவிடும்.

விதிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

சாமான் தொடர்பானவை சில. மானிடோபாவில் எதிர்முள் (மீன் கழன்று போகாமல் தடுக்கும் பின்னோக்கிய கூர்) இல்லாத முள்தான் அனுமதி, இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கினாலும் சரி. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டும் ஈய ஜிக்கும் கூடாது. ஒன்டாரியோவில் பெரும்பாலான இடங்களில் பனிமேல் இரண்டு நரம்பு போடலாம், ஆனால் அவற்றிலிருந்து 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அங்கே மிஞ்சிய இரைமீனையும் அந்தத் தண்ணீரையும் ஏரியில் கொட்டக் கூடாது, கரையிலிருந்து 30 மீட்டருக்குள்ளும் கொட்டக் கூடாது. பிடிக்கலாமா, எத்தனை, எந்த நீளம் என்பதெல்லாம் ஏரிக்கு ஏரி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். உரிமத்தோடு அந்த வட்டாரத்தின் நடப்பு ஆண்டு விதிகளையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பனியின் தடிப்பு இதையெல்லாம்விட முக்கியம். நடந்து போகத் தெளிந்த புதுப் பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. வேண்டும். வெள்ளையாக மங்கிய பனிக்கட்டிக்கு அதில் பாதிப் பலம்தான், ஆகவே 20 செ.மீ. நடக்க நடக்க உளியால் குத்திப் பாருங்கள், தண்ணீருக்குள் விழுந்தால் குத்திப் பிடித்து ஏறக் கழுத்தில் பனிக்குத்தி தொங்கட்டும்.

ஆழத்தில் பிடித்த மீனைத் திருப்பி விடலாமா?

9 மீட்டருக்குக் கீழிருந்து வரும் வால்ஐயின் காற்றுப்பை ஊதிவிடும், விட்டாலும் இறங்க முடியாமல் பனிக்கு அடியில் மிதந்து சாகக்கூடும். நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடிய மீன் எண்ணிக்கை முடிந்ததும் ஆழத்தை விட்டு வந்துவிடுங்கள்.

பருவம் முடிந்ததும் நரம்பை என்ன செய்வது?

நைலானை ஒவ்வோர் ஆண்டும் மாற்றுங்கள். ஃபுளூரோகார்பனில் முதல் 5 மீட்டரை வெட்டிவிட்டு வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள், அடுத்த பனிக்காலத்துக்கும் ஆகும். பின்னல் நூலைத் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் உள்ளே கிடந்த புது முனை மேலே வரும். வெட்டிய துண்டுகளைப் பனியில் விட்டுவராமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், பனி உருகியபின் நீர்ப்பறவைகளின் காலில் சுற்றுவது அந்தத் துண்டுகள்தான்.